முட்டி ஜவ்வுக் காயமும் நீலகிரியின் இளம் வீரர்களும்: ஒரே காயத்திற்கு ஏன் ஒரே சிகிச்சை கிடைப்பதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் முழங்காலில் அடிபட்ட பிள்ளைகளுடன் உதகைக்கும் கோவைக்கும் பேருந்தில் போய், புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நின்ற நாட்கள் பல. ஒரே வயதுள்ள, ஒரே ஆட்டத்தை ஆடுகிற, ஒரே காயம் பட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவர் ஓராண்டில் மைதானத்துக்குத் திரும்புவதையும், மற்றவர் ஷூவைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு விளையாட்டையே விடுவதையும் பார்த்திருக்கிறேன். பெற்றோரும் சக ஆசிரியர்களும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை, காலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"ஜவ்வு கிழிந்துவிட்டது" என்கிறார்களே, அது எந்த ஜவ்வு?

பெரும்பாலும் ஏ.சி.எல். எனப்படும் முன்புறக் குறுக்கு ஜவ்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காக இணைத்து, கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், கால் திரும்பும்போது மூட்டு பிசகாமலும் பிடித்து வைப்பது இந்த நார்ப்பட்டைதான். அதனுடன் சேர்ந்தோ தனியாகவோ கிழிவது மெனிஸ்கஸ். அது இரு எலும்புகளுக்கும் நடுவில் பிறை வடிவில் இருந்து அதிர்ச்சியைத் தாங்குகிற குருத்தெலும்பு மெத்தை. ஜவ்வு போனால் முழங்காலின் உறுதி போகும். மெத்தையும் போனால் மூட்டே தேயத் தொடங்கும். பின்னால் வரும் பதில்களுக்கு இந்த வேறுபாடு அவசியம்.

அடிபட்ட அன்றைக்கே எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

இந்தக் காயத்தில் முக்கால் பங்கிற்கு அருகில் யாரும் மோதாமலேயே ஏற்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென நின்று திரும்புவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது ஆகியவைதான் வழக்கமான தருணங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டாரக் கால்பந்துப் போட்டியில், மழை பெய்து ஓய்ந்த செம்மண் தரையில், என் மாணவி ஒருத்தி பந்தை வெட்டித் திருப்பப் போய் அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்தில் எதிரணிப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. "டீச்சர், உள்ளே என்னவோ 'டப்'னு நழுவிப் போச்சு" என்றாள். ஐந்து நிமிடத்தில் வலி குறைந்து, எழுந்து நடந்தும் காட்டினாள். நடுவர் "ஒன்றுமில்லை, ஆடட்டும்" என்றார். ஆட்டம் முடிந்து ஜீப்பில் ஏறுவதற்குள் முட்டி சிரட்டை தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

"டப்" என்ற உணர்வு, சில மணி நேரத்துக்குள் வரும் வீக்கம், பிறகு நடக்கையில் முட்டி திடீரென மடங்கிப் போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஜவ்வு கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நடக்க முடிகிறது என்பதால் காயம் இல்லை என்று ஆகிவிடாது. முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, பாதம் குளிர்ந்து மரத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பொருளாதார நிலையைப் பொறுத்துச் சிகிச்சை மாறுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது நம் ஆதங்கமா?

ஆதாரம் உண்டு. இதை அதிகமாக ஆராய்ந்திருப்பது அமெரிக்காவில். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜவ்வு கிழிந்த 14 வயதுப் பிள்ளைக்கு நேரம் ஒதுக்கும்படி 42 எலும்பு மருத்துவ நிலையங்களைத் தொலைபேசியில் கேட்டார்கள். தனியார் காப்பீடு இருப்பதாகச் சொன்னபோது 38 நிலையங்கள் இரண்டு வாரத்துக்குள் வரச் சொல்லின. அதே பிள்ளைக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு என்றபோது 6 நிலையங்கள் மட்டுமே அப்படிச் சொல்லின. அந்நாட்டில் தொடர்ந்து வந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டுகின்றன. அரசுக் காப்பீட்டில் உள்ள பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் கூடுதல் நாள் காத்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை மேசைக்கு வரும்போது மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்திருப்பது அவர்களிடம் அதிகம். பிறகு கிடைக்கும் பிசியோதெரபியும் குறைவு.

அந்த எண்களை அப்படியே நம் மலைக்குப் பெயர்த்து எழுத முடியாது. இங்கே அரசுக் காப்பீட்டு அட்டையைக் காட்டியதும் கதவடைப்பது வழக்கமில்லை. நம்மூரில் காலம் கரைவது கதவுக்கு வெளியே, அந்தக் கதவு வரைக்கும் போய்ச் சேருகிற வழியில்.

தாமதமானால் என்ன? ஜவ்வு ஏற்கெனவே கிழிந்துதானே விட்டது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்கள் அலட்சியத்தால் கேட்பதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் எவ்வளவு கூலி போகும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

ஜவ்வில்லாத முழங்கால் ஒவ்வொரு முறை பிசகும்போதும் உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளைப் பற்றி 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அறுவைச் சிகிச்சை 12 வாரங்களுக்கு மேல் தள்ளிப்போனவர்களிடம், தைத்துச் சரிசெய்ய முடியாத அளவுக்கு உட்பக்க மெனிஸ்கஸ் கிழிந்திருப்பது ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. முதல் மாதத்தில் தைத்துக் காப்பாற்றியிருக்கக் கூடிய மெத்தையை எட்டாவது மாதத்தில் வெட்டி எடுக்க நேர்கிறது.

அதன் விலை பின்னால் தெரியும். இந்தக் காயம் பட்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது; மெனிஸ்கஸை இழந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். பதினாறு வயதில் அடிபட்ட பிள்ளைக்கு அப்போது வயது முப்பதையொட்டித்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தவர் அதைச் சமாளித்துவிடுவார். முதுகில் கொழுந்து மூட்டையுடன் சரிவில் ஏறி இறங்க வேண்டியவருக்கு அது பிழைப்பையே பறிக்கும். காயம் சமமாக இருந்தாலும் பிற்காலம் சமமாக இருப்பதில்லை.

நீலகிரியில் இந்தத் தாமதம் எங்கே ஏற்படுகிறது?

ஓரிடத்தில் மட்டும் ஏற்படுவதில்லை.

முதலில் தூரம். மாவட்டத்தின் ஆறு வட்டங்களில் குன்னூர், கோத்தகிரி மக்களுக்கு மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை ஓரளவு பக்கம். கூடலூரிலிருந்து உதகைக்கே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து கோவைக்கு இன்னும் 85 கிலோமீட்டர் அளவில் இறங்க வேண்டும். பந்தலூர் கூடலூருக்கும் அப்பால் இருக்கிறது. கோவையில் காலை எட்டு மணிக்குப் புறநோயாளிப் பிரிவு வரிசையில் நிற்க வேண்டுமென்றால் முந்தைய நாளே புறப்பட்டு எங்காவது தங்கியாக வேண்டும். அதனால்தான் கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பலர் எல்லை தாண்டிக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்கோ பெரிந்தல்மண்ணைக்கோ போகிறார்கள். ஆனால் அங்கே போகும்போது தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் பழைய சீட்டும் படமும் தொடர்ச்சி அறுந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகின்றன. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் எந்தத் திசையிலும் போக முடியாது.

அடுத்தது, முதலில் பார்க்கிற இடம். தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. அதன்படி ஏற்பட்ட டிஸ்பென்சரிகளில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பழக்கப்பட்ட கைகள் உண்டு. விளையாட்டுக் காயத்தைச் சோதிக்கப் பழகிய கை அரிது. எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறியவில்லை" என்று சொல்லி, வலி மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது என்பது பெற்றோருக்கு எப்படித் தெரியும்? "படம் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்ற சொல் ஆறு மாதத்தைத் தின்றுவிடுகிறது. என் மாணவிக்கும் அதுதான் நடந்தது. அவளை அனுப்பிவைத்த இடத்தில் மூன்று வாரம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவளுடைய கிழிசல் உறுதியானது ஏழாவது மாதத்தில்.

மூன்றாவது, உடன் போக ஆள். தாயும் தகப்பனும் நாட்கூலி என்றால், ஒருவர் மருத்துவமனைக்கு வருவது ஒரு நாள் சம்பளத்தோடு முடிவதில்லை. மறுநாள் எம்.ஆர்.ஐ., அடுத்த வாரம் முடிவு, பிறகு மயக்க மருந்துத் தகுதிச் சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள். இவற்றை ஒரே நாளில் முடித்துத் தரும்படி நாம் வாய்விட்டுக் கேட்டால், சில நேரம் செய்து தருகிறார்கள். "மலையிலிருந்து வருகிறோம்" என்பதை முதல் சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

உதகையிலேயே பெரிய மருத்துவமனை வந்துவிட்டதே?

வந்திருக்கிறது. 700 படுக்கைகள் கொண்ட உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. முன்பெல்லாம் மேல் சிகிச்சை என்றாலே கோவைதான். இப்போது எலும்பு முறிவுப் பிரிவில் முதற்கட்டப் பரிசோதனைக்காக மலையிறங்க வேண்டியதில்லை. அடிபட்ட முதல் வாரத்தில் அங்கே போய்விடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

காப்பீட்டு அட்டை இருந்தால் செலவே இல்லை என்கிறார்களே?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தனியாரில் இலட்சக்கணக்கில் ஆகக்கூடிய அறுவைச் சிகிச்சைக்கு இது பெரிய துணை. மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம், செய்யப்போகும் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, முன் அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு அனுமதியாவது நல்லது.

ஆனால் அட்டை, அறுவைச் சிகிச்சையின் வாசலில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பயணங்களுக்கும், பிந்தைய ஒன்பது மாதப் பயிற்சிக்கும், இழந்த கூலிக்கும் அது பொறுப்பேற்காது. தவிர, பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும், ஆதார் பொருந்த வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் பாட்டி பெயரில் ஓர் அட்டை, பேரனுக்கு எதுவுமில்லை என்ற நிலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்திருக்கும் குடும்பங்களிடம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையே இராது. அவர்களுடைய சொந்த மாநிலத்தில் ஆயுஷ்மான் அட்டை எடுத்திருந்தால், அதை இங்கே அத்திட்டத்தின் கீழ் வரும் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம் என்பதை அவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. பிள்ளை அணியில் சேரும் ஜூன் மாதத்திலேயே இந்தத் தாள்களைச் சரிபார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அடிபட்ட பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பழங்குடிப் பிள்ளைகளின் நிலை என்ன?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் உள்ளனர். எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுப் பேச முடியாது. உதகையைச் சுற்றியுள்ள மந்துகள் எனும் தோடர் ஊர்களிலும், கோத்தகிரிப் பக்கத்துக் கோக்கால்கள் எனும் கோத்தர் ஊர்களிலும் இருக்கும் பிள்ளைக்கு நகரத்துச் சாலை அருகில் இருக்கிறது. பந்தலூர்ப் பகுதியின் பணியர் பாடியிலோ, முதுமலை ஓரத்துக் காட்டுநாயக்கர் குடியிருப்பிலோ இருக்கும் பிள்ளை, யானை நடமாட்டத்தைப் பார்த்து ஜீப் வந்த பிறகுதான் பேருந்து நிறுத்தத்தையே அடைய முடியும்.

கூடலூரில் 1990இலிருந்து இயங்கும் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் 1958இல் தொடங்கப்பட்ட நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. கூடலூரில் பழங்குடியினருக்கென்றே 1992இலிருந்து ஒரு சமூகக் காப்பீட்டு ஏற்பாடும் நடந்து வந்திருக்கிறது. அவற்றின் பெரிய பலம், மக்களின் மொழியிலேயே பேசுகிற, அவர்களுக்குள்ளிருந்தே வந்த செவிலியர்களும் நலப் பணியாளர்களும். ஒரு பணியச் சிறுவன் தன் வலியை மருத்துவரிடம் சொல்லமாட்டான். "இல்லை" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். அவனுடைய மொழி தெரிந்த ஒருவர் கேட்டால், முட்டி எத்தனை முறை மடங்கியது என்பதுவரை சொல்வான். ஆகவே அந்தப் பிள்ளைகளை அனுப்பும்போது, கூடப் பேசத் தெரிந்த ஒருவரையும் அனுப்புங்கள். சாதிச் சான்று, காப்பீட்டு அட்டை எல்லாம் இருந்தும் இந்த ஒன்று இல்லாததால் திரும்பி வந்தவர்கள் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் அதிகம் என்பது உண்மையா?

உண்மை. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில், ஒரே அளவு ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது அதிகம், இரண்டு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பின் அமைப்பு, ஹார்மோன், குதித்து இறங்கும்போது முட்டிகள் உட்பக்கமாகச் சாய்வது என்று உடல் சார்ந்த காரணங்களை நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் மைதானத்தில் நின்று பார்க்கும்போது வேறு சிலவும் தெரிகின்றன.

பையன்கள் ஏழு வயதிலிருந்து ஊர் மைதானத்தில் விழுந்து எழுந்து, எப்படி இறங்குவது என்று கால்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பல பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் பள்ளி அணிக்கு வரும்போதுதான் முதன்முதலாக முழு வேகத்தில் ஓடுகிறார்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றால், "கால் தடித்துவிடும்" என்று வீட்டில் தடை. ஷூ பெரும்பாலும் அண்ணன் போட்டுப் பழசானது. முன்னால் பஞ்சு திணித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். குளிர்காலக் காலையில் தசை சூடேறுவதற்குள் ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம், ஏனென்றால் பையன்களுக்கு மைதானத்தை விட வேண்டும்.

சிகிச்சையிலும் வேறுபாடு இருக்கிறது. பையனுக்கு அடிபட்டால் "எப்போது திரும்ப ஆடலாம்" என்று கேட்கிற அதே குடும்பம், மகளுக்கு என்றால் "தழும்பு தெரியுமா" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். "போதும், பத்தாவது வருகிறது, ஆட்டத்தை விடட்டும்" என்பது பெண்ணுக்கு மட்டும் மருந்துச்சீட்டு இல்லாமலேயே கிடைக்கிற சிகிச்சை. ஆடாவிட்டாலும் ஜவ்வில்லாத முட்டி மலைப் படிக்கட்டில் பிசகத்தான் செய்யும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வசதியோ நேரமோ இல்லையென்றால்?

எம்.ஆர்.ஐ. இல்லாமலேயே ஜவ்வு கிழிந்திருப்பதைக் கையால் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். முட்டியைச் சிறிது மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கணைக்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை, அனுபவமுள்ள கைகளில் மிக நம்பகமானது. அடிபட்ட உடனேயோ, வீக்கம் வடிந்த இரண்டாவது வாரத்திலோ ஓர் எலும்பு மருத்துவர் அல்லது விளையாட்டுக் காயங்களில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் இதைச் செய்தால், படத்துக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். மெனிஸ்கஸின் நிலையைத் தெளிவாக அறியவும், அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடவும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

எண்ணெய்க் கட்டு, புத்தூர்க் கட்டு, உழிச்சல்?

பரம்பரை வைத்தியரை இழிவாகப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை; நடுராத்திரியிலும் கதவைத் திறப்பவர் அவர்தான். ஆனால் கிழிந்த ஏ.சி.எல். எண்ணெயால் ஒட்டாது, வீங்கிய முட்டியை முதல் சில நாட்களில் உருவிவிட்டால் உள்ளே இரத்தக் கசிவு கூடும். கட்டுப் போடுவதாக இருந்தால், பரிசோதனை முடிந்து காயம் என்னவென்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். முதல் இரண்டு நாள் கம்பளிக்குள் வைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். இந்தக் குளிரில் ஐஸ் கட்டியா என்று பாட்டிமார் திட்டுவார்கள். துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள்.

அறுவைச் சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதிக்கு உடனே அறுவைச் சிகிச்சையும் மறு பாதிக்கு முறையான பயிற்சியும் கொடுத்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே இருந்தனர்.

இதை ஏழைப் பிள்ளைக்கு எதிராகப் பயன்படுத்திவிடக் கூடாது. அங்கே "அறுவைச் சிகிச்சை இல்லை" என்றால் பயிற்றுநரின் கண்காணிப்பில் பல மாதப் பயிற்சி என்று பொருள். இங்கே அதே சொற்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமல் விடுவது என்று பொருள். மேலும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 18 வயது நிறைந்தவர்கள். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் என்பதால், எப்போது, எந்த முறையில் செய்வது என்பதைச் சிறார் முழங்காலில் அனுபவமுள்ள மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். முட்டி அடிக்கடி பிசகுகிறது, மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது, கால்பந்தோ கபடியோ தொடர்ந்து ஆடப்போகிறார் என்றால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

சென்னையில் ஒரு வீராங்கனை இறந்துவிட்டாரே, அரசு மருத்துவமனையை எப்படி நம்புவது?

2022 நவம்பரில் சென்னையில், முட்டி ஜவ்வுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பதினேழு வயதுக் கால்பந்து வீராங்கனை, கட்டு இறுக்கமாகப் போடப்பட்டு இரத்த ஓட்டம் தடைபட்டதால் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். அந்தச் செய்தி வந்த மாதத்தில் என்னிடம் இரண்டு பெற்றோர் குறித்த தேதியை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த அறுவைச் சிகிச்சை நாள்தோறும் பல அரசு மருத்துவமனைகளில் பாதுகாப்பாக நடக்கிறது. அச்சத்தைக் கவனமாக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்களில் விரல்கள் வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ, மரத்துப் போனாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே செவிலியரைக் கூப்பிட்டு, கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் போகாத தசை சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும். "டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று விடியும் வரை காத்திருக்கும் பணிவு நம் எளிய மக்களிடம் அதிகம். வசதியுள்ளவர் அந்த நேரத்தில் குரலை உயர்த்துவார். நீங்களும் உயர்த்துங்கள்.

பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை கீழே போக முடியாது. என்ன செய்வது?

என் அனுபவத்தில், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய தாமதத்தைவிடவும் பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை காப்பீட்டில் நடந்துவிடுகிறது. பயிற்சியை யாரும் தொடர்வதில்லை. முட்டி முழுதாக நீளாமல், தொடை ஒரு பக்கம் வற்றிப்போய், பிள்ளை நொண்டிக்கொண்டே பள்ளிக்கு வருகிறது.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. முதியோருக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது, பயிற்சிகளை உங்கள் கைப்பேசியில் வீடியோவாக எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். எந்த வாரம் எது என்று தமிழில் எழுதி வாங்குங்கள். கருவிகள் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, காலை நேராகத் தூக்குவது, சுவரில் முதுகை வைத்துச் சரிவது, பிறகு மணல் நிரப்பிய பையைக் கணுக்காலில் கட்டித் தூக்குவது ஆகிய எல்லாவற்றையும் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். நம் மலைக்கு என்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஏற்றத்தைவிட இறக்கம் முட்டிக்குக் கூடுதல் சுமை. முதல் மாதங்களில் பள்ளிக்கு இறங்கி நடக்கும் குறுக்குப் பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் அனுப்புங்கள். இன்னொன்று கழிப்பறை. குந்தி உட்காரும் கழிப்பறைதான் லைன் வீடுகளில் இருக்கிறது, அறுவைச் சிகிச்சையில் பொருத்திய புதிய ஜவ்வுடன் அப்படி உட்கார முடியாது. நடுவில் வட்டமாக வெட்டிய பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும். அது இல்லாததால் ஒரு மாணவன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதை மூன்றாவது வாரத்தில்தான் நான் அறிந்தேன்.

எப்போது திரும்ப ஆடலாம்?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதத்துக்கு முன் வேண்டாம். நார்வேயில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ மீண்டும் ஜவ்வு கிழிகிறது. நாட்காட்டி மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை வலிமையும் ஒற்றைக் கால் தாண்டலும் மறு காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஒரு சாக்பீஸும் இஞ்ச் டேப்பும் இருந்தால் தாண்டலைப் பள்ளி வராந்தாவிலேயே அளந்துவிடலாம்.

இதை மீறுபவர்கள் யார் என்று பாருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைத்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள்தான் ஆறாவது மாதத்தில் டேப் ஒட்டிக்கொண்டு குடியரசு தினப் போட்டிக்கு வந்து நிற்கிறார்கள். ஒரு சான்றிதழுக்காக முட்டியை அடகு வைக்கிறார்கள் என்று தெரிந்தும், ஒரு முறை நானே ஒருவனை அணிப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அவன் முதல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

செலவில்லாமல் தடுக்க வழி உண்டா?

உண்டு. இருபது நிமிட வார்ம் அப்தான் அது. ஃபிஃபா 11 பிளஸ் என்ற பெயரில் உள்ள பயிற்சி வரிசையை, நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட சுமார் 1,900 பெண் கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மெதுவோட்டம், ஒற்றைக் காலில் நிலைநிற்றல், முட்டி உள்ளே சாயாமல் குதித்து இறங்குதல், பின்தொடைப் பயிற்சி என எல்லாமே வெறும் தரையில் செய்யக் கூடியவை. ஆனால் போட்டியன்று மட்டும் செய்தால் பலனில்லை, வாரம் இரண்டு முறையாவது வேண்டும். பையன்கள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்தை என் பெண்கள் அணி இப்போது ஓரத்துச் சிமென்ட் தளத்தில் இதற்குத்தான் பயன்படுத்துகிறது.

போட்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

என் பையில் இருப்பதைச் சொல்கிறேன்: இரண்டு கிரேப் பேண்டேஜ், ஐஸ் போட்ட சாப்பாட்டு பிளாஸ்க், கால் அசையாமல் கட்ட ஒரு நீளமான அட்டை, ஒவ்வொரு பிள்ளையின் காப்பீட்டு அட்டை நகல், பெற்றோருடைய எண்ணுடன் அவர்கள் வேலை செய்யும் தோட்டப் பிரிவின் மேற்பார்வையாளரான கங்காணியின் எண். கொழுந்துக் காட்டுக்குள் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காது. மகளுக்கு அடிபட்ட செய்தி, மாலையில் கொழுந்து நிறுக்க வரும்போதுதான் தாய்க்குப் போய்ச் சேரும். கங்காணியிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் போய்விடும்.